முகத்தில் தொடங்கிச் சிறகில் முடியுங்கள்: தேவதை வண்ணப் புத்தகத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று வாரம், மாலைதோறும் உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் தீட்டினேன். காளான் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு தேவதை, கையில் விளக்கு, பின்னால் பெரணிக் காடு. பெரணி இலைக்கு நான்கு பச்சை, காளானின் அடிமடிப்புகளுக்கு மூன்று பழுப்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கடைசியில் முகம் மட்டும் மிச்சம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கண்ணுக்கு மேலே லேசாக நிழல் கொடுக்கப் போனேன்; அடி வாங்கி வீங்கிய கண்போல ஆகிவிட்டது. அழிப்பானால் தேய்த்தேன், நிறம் பரவிக் கன்னமும் வீங்கியது. மூன்று வார உழைப்பும் அந்த ஒரு சதுர அங்குலத்தில் போயிற்று.

அன்று கற்றதுதான் இந்த வழிகாட்டியின் அச்சாணி: முகத்தை முதலில் தீட்டுங்கள். கெட்டால் இருபது நிமிடத்தோடு போகட்டும். சிறகையும் ஒளியையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் புத்தகத்தின் சுகமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சொல் விளக்கம். தமிழில் தேவதை என்றால் கோயிலில் இருப்பவளும் தேவதைதான், எல்லையில் காவல் நிற்பவளும் தேவதைதான். இங்கே நான் சொல்வது ஐரோப்பியக் கதைகளில் பூவுக்குள்ளும் காளானடியிலும் குடியிருக்கும், பூச்சிச் சிறகு முளைத்த குட்டி உருவத்தை.

1. வாங்கும் முன் விரல்களை எண்ணுங்கள்

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. தடித்த கோடும் பெரிய இடைவெளியும் உள்ளது குழந்தைகளுக்கு. மெல்லிய கோட்டில் பூவும் கொடியும் நெருங்கி நிற்பது பெரியவர்களுக்கு. மூன்றாவது, நிழல்களெல்லாம் சாம்பல் நிறத்தில் முன்பே அச்சாகி வருவது. இந்தச் சாம்பல் வகை தொடக்கக்காரருக்கு நல்லது என்று சொல்வார்கள். நிழல் எங்கே விழும் என்ற கவலை இல்லை, உண்மைதான். ஆனால் வெளிர்நிறங்களை அதன்மேல் தீட்டினால் அழுக்குப் படிந்ததுபோல் தெரியும். மஞ்சளும் வெளிர்சிவப்பும் நிறைய கேட்கும் தேவதைப் படத்துக்கு அது பெரிய இடைஞ்சல்.

என் விருப்பம் நடு வகை, அதிலும் பூவோடு சேர்ந்த தேவதைகள். இங்கிலாந்துக்காரரான சிசிலி மேரி பார்க்கர் 1923-இல் வெளியிடத் தொடங்கிய பூத்தேவதை ஓவியங்கள் இந்த மரபுக்கு ஒரு பெரிய ஊற்று. செடிகளை உள்ளபடியே வரைந்தார். தேவதைகளுக்கு அவருடைய அக்கா நடத்திய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மாதிரியாக உட்கார வைத்தார். அந்த வழியில் வந்த படத்தில், ஆடை அந்தப் பூவின் இதழாகவே இருக்கும். உண்மைப் பூவின் ஒரு படத்தைப் பார்த்தால் போதும், எந்த நிறம் என்ற தவிப்புப் பாதி தீர்ந்துவிடும்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், உள்பக்கப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். கணினியே வரைந்து தள்ளிய புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. கையில் ஆறு விரல், கூந்தலிலிருந்து கிளம்பும் சிறகு, பாதியில் காணாமல் போகும் கொடி ஆகியவை அவற்றின் அடையாளங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். பென்சிலோடு உட்காரும்போதுதான், இந்தக் கோடு தோளைச் சேர்ந்ததா இலையைச் சேர்ந்ததா என்று தெரியாமல் விழிப்போம். மனிதர் வரைந்த கோட்டைப் பின்பற்றிப் போனால் அது ஓரிடத்தில் கொண்டு சேர்க்கும். இதில் அந்த வழித்துணை கிடையாது.

பிள்ளைக்காக வாங்குகிறவர்கள் அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். தேவதை என்ற பெயரில் அரைகுறை ஆடையோடு நிற்கும் பெண்களை வரைந்த, பெரியவர்களுக்கான புத்தகங்களும் அதே அடுக்கில்தான் இருக்கும்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்கத்திலும் ஒரே முகம். அதே கூர்மோவாய், அதே பெரிய கண், அதே ஒல்லி இடுப்பு. கிழவித் தேவதை இல்லை, குண்டுத் தேவதை இல்லை, சிரித்துக் கண் சுருங்கிய ஒருத்தி இல்லை. பத்தாவது பக்கத்தில் சலிப்புத் தட்டும். நம் கையில் இருப்பது நிறம் மட்டும். அதை வைத்தே ஒருத்தியை மற்றவளிலிருந்து பிரிக்க வேண்டும்.

2. தாளைத் தடவிப் பாருங்கள்

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது அது. ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70 முதல் 80. வண்ணப் பென்சிலுக்கு 100-க்கு மேல் இருந்தால் ஐந்தாறு அடுக்கு தாங்கும். தண்ணீர் மை ஸ்கெட்ச் பேனாவுக்கு 150-க்கு மேல் வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் இந்தக் கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. சாதாரணத் தாள் எதுவானாலும் மறுபக்கம் போய்த் தலைகாட்டும்.

நான் இணையத்தில் வாங்கிய ஒரு புத்தகத்தில் கனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்து சேர்ந்தபோது, அடுத்த பக்கத்துத் தேவதையின் சிறகு இந்தப் பக்கத்துத் தேவதையின் வயிற்றில் தெரிந்தது. இரண்டு பக்கமும் அச்சு வேறு. அழுத்தித் தீட்டினால் மறுபக்கத்தில் பென்சில் தடம் மேடு கட்டியது. ஆகவே மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒரு பக்கம் மட்டும் அச்சடித்ததா, கிழித்தெடுக்கத் துளைக்கோடு இருக்கிறதா, படம் தையல் மடிப்புக்குள் போய் மறைகிறதா. இரண்டு பக்கத்துக்கும் விரிந்த படங்களில் தேவதையின் முகமே அந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாள் வழவழப்பாக இருந்தால் பென்சில் நிறம் பிடிக்காது. விரலால் தேய்க்கும்போது மிக மெல்லிய சொரசொரப்புத் தெரிய வேண்டும்.

3. பென்சில்: பெட்டியின் அளவைவிட உள்ளே இருப்பது முக்கியம்

வண்ணப் பென்சிலில் நிறத்தைப் பிணைத்து வைப்பது பெரும்பாலும் மெழுகு அல்லது எண்ணெய். மெழுகுப் பென்சில் மென்மை. நிறங்கள் ஒன்றோடொன்று வழுக்கிக் கலக்கும். ஆனால் முனை சீக்கிரம் மழுங்கும், அழுத்தித் தீட்டிய அடர்நிறத்தின் மேல் சில நாளில் வெண்புகைபோல் மெழுகு படரும். மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்தால் போய்விடும். எண்ணெய்ப் பென்சில் சற்றுக் கெட்டி, முனை நிற்கும், நுணுக்கமான இடத்துக்கு ஏற்றது. ஃபேபர்-காஸ்டெல் பாலிகுரோமோஸ் எண்ணெய் வகை, பிரிஸ்மாகலர் பிரீமியர் மெழுகு வகை. இரண்டும் விலை கூடியவை. முதல் புத்தகத்துக்கு அவை தேவையே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் 24 நிறப் பெட்டியே போதும். கூடவே நல்ல பென்சில் துருவி ஒன்று, வெள்ளை ஜெல் பேனா ஒன்று.

24 நிறத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை பளபளக்கும் ஊதாவும் ரோஜாவும் அல்ல. மஞ்சட்காவி, செங்காவி, அடர்பழுப்பு, பாசிப்பச்சை, அடர்நீலம் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். காட்டையும் மேனியையும் இருட்டையும் சுமப்பவை இவை.

பெட்டியில் எழுதிய நிறத்தை நம்பாமல், அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றையும் கீறிப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வேர்க்கும். கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் போட்டுக்கொள்ளாவிட்டால், தீட்டியதை மணிக்கட்டே துடைத்துக்கொண்டு போகும்.

4. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பென்சிலைத் தொடும் முன் இதை முடிவு செய்யுங்கள். நிலவா, கையிலுள்ள விளக்கா, மின்மினியா? பக்கத்தின் ஓரத்தில் மிக லேசாக ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். வெளிச்சத்தைப் பார்த்திருக்கும் பக்கமெல்லாம் வெளிர், முதுகு காட்டும் பக்கமெல்லாம் அடர்த்தி. இதைச் செய்யாத பக்கம் எவ்வளவு உழைத்தாலும் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல்தான் இருக்கும்.

5. முகம்

சிறிய இடம் என்பதால் சுருக்கமாக முடித்துவிடலாம் என்று நினைப்போம். பெரிய இடத்தில் கை தவறினால் ஒரு கொடியைப் போட்டு மறைக்கலாம். முகத்தில் ஒரு மயிரிழை தவறினாலும் ஆளே மாறிவிடுவாள்.

மேனிக்கு எந்த நிறம்? ஆங்கில மரபுப் படங்களில் எல்லாரும் வெளிர்சிவப்பு. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் அந்த நிறத்துக்கு 'சதை' என்று பெயர் வைத்திருந்து, 1962-இல்தான் 'பீச்' என்று மாற்றியது. நம் வீடுகளில் இன்றும் அதை 'ஸ்கின் கலர்' என்றே பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளையின் கையோ மாநிறம். வெற்றுக்கோட்டில் இருப்பவளுக்கு நிறம் தருகிற உரிமை உங்களுடையது. இந்தப் புத்தகங்கள் தரும் சந்தோஷங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

மாநிற முகத்துக்கு நான் செய்யும் முறை இது. முதலில் மஞ்சட்காவியால் முகம் முழுவதும், பென்சிலின் கனமே போதும் என்ற அளவுக்கு லேசாக ஓட்டுங்கள். நெற்றியின் நடு, மூக்குத்தண்டு, கன்னத்து மேடு, இந்த மூன்று இடங்களில் அடுத்த அடுக்குகள் ஏறக் கூடாது. பிறகு செங்காவியைக் கன்னத்தின் ஓரம், மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, கழுத்து ஆகியவற்றில் சிறு சிறு வட்டமாக ஏற்றுங்கள்; கோடு கோடாக இழுத்தால் முகத்தில் கீறல் விழும். மூன்றாவது அடர்பழுப்பு, கூந்தல் தொடங்கும் இடத்திலும் மோவாயின் அடியிலும் மட்டும். கடைசியாக, மிக ஆழமான நிழலில் ஒரு தொடுதல் ஊதா. கறுப்பு வேண்டாம். மேனியில் கறுப்பு சேர்ந்தால் சாம்பல் பூத்துவிடும்.

கரிய மேனிக்குச் செங்காவியிலிருந்தே தொடங்குங்கள். வெளிச்சம் படும் இடத்தில் மஞ்சளுக்குப் பதில் வெளிர்நீலம் ஒரு கீற்று வைத்தால், நிலா வெளிச்சம் அப்படியே தோளில் இறங்கும்.

கண்ணில் கருவிழியின் மேல்பகுதி அடர்த்தி, கீழ்ப்பகுதி வெளிர். ஒரு வெள்ளைப் புள்ளி, வெளிச்சம் வரும் பக்கத்தில். இமைக்கு மேல் நிழல் வைக்கவே வேண்டாம். ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

முகம் நன்றாக வந்துவிட்டதா? இனி பக்கம் உங்களுடையது. கூந்தலுக்கும் ஆடைக்கும் அதிக யோசனை தேவையில்லை. கூந்தலை அது விழும் திசையிலேயே இழுங்கள், வளைவின் மேட்டில் தாளை வெறுமையாக விடுங்கள். ஆடைக்கு ரோஜா நிறத்தை எடுக்கும் முன் ஒரு செய்தி: ஸ்காட்லாந்தில் பச்சை தேவதைகளின் நிறம் என்றும், மனிதர் உடுத்தினால் ஆகாது என்றும் நம்பியிருக்கிறார்கள். பழைய தேவதைகள் அஞ்சப்பட்டவர்கள். ரோஜா நிறப் பாவாடை பிற்காலத்து அலங்காரம்.

6. சிறகு

தேவதைக்குப் பூச்சிச் சிறகு எப்போதும் இருந்ததில்லை. பழைய நாட்டுக் கதைகளில் வருகிறவர்கள் பெரும்பாலும் சிறகில்லாமல் நடந்தே திரிந்தார்கள். 1714-இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் தம் கவிதை ஒன்றில் காற்றுத் தேவதைகளுக்குப் பூச்சிச் சிறகு கொடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து ஓவியர்கள் அதை ஊருக்கெல்லாம் பழக்கிவிட்டார்கள். 1917-இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரை அடுத்த காட்டிங்லி கிராமத்தில் பதினாறு வயது எல்சியும் ஒன்பது வயது பிரான்சிஸும் தேவதைகளைப் படம் பிடித்ததாகச் சொன்னார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். 1983-இல்தான் அந்த இருவரும் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்: ஒரு புத்தகத்தில் நடனமாடும் பெண்களைப் பார்த்து வரைந்து, சிறகு சேர்த்து, அட்டையில் வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பெண், இரண்டு சிறகு, அவ்வளவுதான் தேவதை என்பதை அந்தச் சிறுமிகள் சரியாகப் பிடித்திருந்தார்கள். சிறகு சரியாக வந்தால் மற்றது தானாக வந்துவிடும்.

முதலில் எந்தப் பூச்சியின் சிறகு என்று பாருங்கள். நரம்புகள் கட்டம் கட்டமாகப் பின்னியிருந்தால் அது தும்பி. பெரிய பட்டைகளும் புள்ளிகளும் இருந்தால் வண்ணத்துப்பூச்சி.

தும்பிச் சிறகு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. அதற்குத் தனி நிறம் கொடுப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. சிறகுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதையே சிறகுக்குள்ளும் தீட்டுங்கள், பாதி அழுத்தத்தில். பின்னால் பச்சை இலை என்றால், சிறகுக்குள் அந்த இலை தொடர வேண்டும், வெளிறி. இலைக்கோடு அங்கே அச்சில் இருக்காது. நீங்களே பென்சிலால் நீட்டிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு நரம்பையும் ஒட்டி ஒரு பக்கம் மட்டும் மெல்லிய சாம்பல்நீலம். மேல்சிறகு கீழ்ச்சிறகின் மேல் ஏறியிருக்கும் இடத்தில் நிறம் இரட்டிக்க வேண்டும். இரண்டு கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல. உண்மைத் தும்பிக்குச் சிறகு நுனிக்கருகே முன்விளிம்பில் ஒரு சிறு கரும்பொட்டு உண்டு. ஓவியர் மறந்திருந்தாலும் அதை வைத்துவிடுங்கள்.

நிறம் மாறி மாறி மின்னும் சிறகுக்கு, மயில்கழுத்துப் பட்டுப் புடைவையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடைவை அசையும்போது நீலம் பச்சையாகிறது. அதையே பென்சிலில் நெய்யலாம். சிறகு முழுவதும் ஒரே திசையில் நீலக் கோடுகள், மிக நெருக்கமாக, மிக லேசாக. அதன் குறுக்கே பச்சைக் கோடுகள். மூன்றாவதாக, ஓரத்தில் மட்டும் ஊதா. எந்த இடத்திலும் முழுக்க மூடிவிடாதீர்கள். இழைகளுக்கு நடுவே தாளின் வெண்மை தெரிந்தால்தான் மின்னும். என் கணக்கில் ஒரு சோடிச் சிறகுக்கு இரண்டு மாலைப் பொழுது. அந்த இரண்டு மாலையும் தொலைபேசியை எடுத்துப் பார்க்க நினைப்பே வராது.

வண்ணத்துப்பூச்சிச் சிறகு எளிது. அதன் நிறம் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கிய நுண்செதில்களிலிருந்து வருவதால் ஊடுருவித் தெரியாது. உடம்பை ஒட்டி அடர்த்தி, விளிம்பை நோக்கி வெளிர், கடைசி விளிம்பில் மீண்டும் கருமை. இரண்டு பக்கச் சிறகையும் மாறி மாறித் தீட்டுங்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போனால், நாளைக்கு எந்த நீலம் எடுத்தோம் என்று தெரியாது.

7. விளக்கும் இருட்டும்

ஒளிர வைக்கும் பென்சில் என்று எதுவும் இல்லை. சுற்றிலும் இருட்டினால் நடு ஒளிரும். விளக்கின் மையத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். அதைச் சுற்றி எலுமிச்சை மஞ்சள், பிறகு மாம்பழ மஞ்சள், பிறகு செம்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, அதற்கப்பால் அடர்நீலம். ஒவ்வொன்றும் முந்தைய வளையத்தில் கொஞ்சம் ஏற வேண்டும். மஞ்சளையும் நீலத்தையும் நேராகச் சந்திக்கவிட்டால் பச்சை வந்துவிடும். நடுவில் செம்மஞ்சள் நிற்பது அதற்காகவும்தான். அந்த வெளிச்சம் தேவதையின் மோவாயிலும் சிறகின் கீழ்விளிம்பிலும் ஒரு மஞ்சள் கீற்றாகப் படட்டும்.

இருட்டுக்குக் கறுப்புப் பென்சிலை எடுக்காதீர்கள். அடர்நீலத்தின் மேல் அடர்பழுப்பை ஏற்றுங்கள். கறுப்பைவிட ஆழமாக வரும். கை வலிக்கும் வேலை இது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், தூரத்தில் எதையாவது பாருங்கள். கண்ணும் கழுத்தும் மணிக்கட்டும் கேட்கும் விலையைப் புத்தகத்தின் அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை.

8. காடு: மனம் அடங்கும் இடம்

வண்ணம் தீட்டினால் பதற்றம் தணியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். அமெரிக்காவில் நான்சி கர்ரி, டிம் காசர் இருவரும் 84 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2005-இல் வெளியிட்டார்கள். மண்டலம் எனப்படும் வட்ட வடிவம், கட்டம்போட்ட வடிவம் ஆகியவற்றைத் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெற்றுத்தாள் கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கான வடிவம் என்பதைக் கவனியுங்கள். கோலம் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேவதைப் புத்தகத்தில் முகம் அந்த வகையில் சேராது, அது பரீட்சை. பெரணியும் புல்லும் சிறகு நரம்பும்தான் கோலம். அலுவலகத்தில் நொந்து வந்த நாளில் புது முகத்தைத் தொடங்காதீர்கள். பழைய பக்கத்தின் பெரணிக்குப் போங்கள்.

இலைகளில் மூன்று தூரம் காட்டுங்கள்: முன்னால் உள்ளவை மஞ்சள் கலந்த கிளிப்பச்சை, நடுவில் பாசிப்பச்சை, தூரத்தில் நீலம் கலந்த மங்கல். இதற்கு மேல் காட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, செய்துகொண்டே போவதுதான்.

9. முடித்த பிறகு

வெள்ளை ஜெல் பேனாவால் பனித்துளி, சிறகின் விளிம்பு, காற்றில் மிதக்கும் துகள்கள் வையுங்கள். பத்துப் புள்ளி வைக்கத் தோன்றினால் ஐந்தோடு நிறுத்துங்கள். பென்சில் அடுக்கின் மேல் மெழுகு ஏறிப் பேனா அடைத்துக்கொள்ளும். வேறு தாளில் கிறுக்கினால் மீண்டும் ஓடும்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதானால், வெயில் படும் சுவர் வேண்டாம். ரோஜா, ஊதா, பளபளப்பு நிறங்களில் பல சீக்கிரம் வெளுப்பவை. தேவதைப் படத்தில் அதிகம் செலவாவதும் அவையே. நீலமும் பழுப்பும் நின்று, ஆடை மட்டும் வெளிறிப்போய் நிற்கும் படத்தைப் பார்க்கச் சகிக்காது. புத்தகத்துக்குள்ளேயே மூடி வைத்தால் நிறம் நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமல் இருக்க நடுவே ஒரு வெண்ணெய்த்தாள் வையுங்கள்.

வீங்கிய கண்ணோடு என் முதல் தேவதை இன்னும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறாள். கிழிக்க மனம் வரவில்லை. அவள் பக்கத்தின் பின்புறம் காலியாக இருந்தது. புதுப் பென்சில் வந்தால் அங்கேதான் கீறிப் பார்க்கிறேன். இப்போது அங்கே எட்டுப் பழுப்பு இருக்கிறது.